சோப்பா, தூளா, கிணறா?

வேலையை விட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் காலையில் சாப்பிட்டுக் கை கழுவியதும் கால் தானாகப் பேகம்பூர்ப் பக்கம் திரும்பிவிடும். எங்கள் பழைய ஏஜென்சிக் கடை அங்கேதான் இருக்கிறது. "போயிட்டு வாங்க, அங்கயாவது ஒங்க பேச்சைக் கேக்க நாலு பேரு இருப்பாக" என்று வீட்டிலும் சந்தோஷமாக அனுப்பி வைப்பார்கள்.

போன மாதம் அப்படிப் போனபோது, துணி சோப்பு அடுக்கின் முன்னால் ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். இப்போதுதான் தரையிலிருந்து கூரை வரை அடுக்கி வைக்கிறார்களே. தூளில் பத்து வகை, கட்டியில் பத்து வகை, போதாததற்குப் புட்டியில் கொழகொழவென்று ஒரு திரவம். அந்தம்மா இரண்டு பாக்கெட்டை இரண்டு கையிலும் தூக்கி, இரட்டைப் பிள்ளைகளில் எது அழும் என்று பார்ப்பதுபோல மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு விற்பனைப் பையனிடம், "இதுல எது நல்லா வெளுக்கும்?" என்றார். "எல்லாமே நல்லா வெளுக்கும்க்கா" என்றான் அவன்.

எனக்கு நாக்கு நிற்குமா? "ஒங்களுக்கு எந்தத் தண்ணிம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னங்கய்யா, சோப்பைக் கேட்டா தண்ணியக் கேக்குறீங்க?" என்று அவர் சிரித்தார். கடையே சிரித்தது. ஆழ்துளைப் போர்த் தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளை படியும் என்று சொன்னார். அதற்குத் தோதான தூளை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். "இந்தக் கேள்விய எங்கருந்து பிடிச்சீங்க?" என்று கடைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். சொன்னேன். சொல்லச் சொல்ல, "இத எழுதிக் குடுங்க, வியாபாரிகள் சங்க மலருக்கு நாலு பக்கம் கொறையுது" என்றார்கள். குறைந்த பக்கத்தை நிரப்ப நான் கிடைத்தேன்.

என் பெயர் சவடமுத்து. ஊருக்குச் சோப்பு சவடமுத்து. படித்தது ஐந்தாம் வகுப்பு. மீதிப் படிப்பெல்லாம் சோப்பு மடிக்க வந்த பழைய பேப்பரில்தான். தொடர்கதையின் முடிவு எப்போதும் யாராவது ஒருவர் வீட்டுக்குச் சவுக்காரத்தோடு போய்விடும். அதனால் இன்றுவரை எந்தக் கதாநாயகிக்குக் கல்யாணம் ஆனது, எவளுக்கு ஆகவில்லை என்று எனக்குத் தெரியாது.

ஐம்பதுகளின் நடுவில் அந்தக் கடையின் முதலாளி சிக்கந்தர் ராவுத்தரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் குடும்பம் தோல் பதனிடும் குடும்பம். "தோல் வாசத்துல பொறந்தவன் தம்பி, சாகும்போதாவது சவுக்கார வாசத்துல சாவோமேன்னு இந்தத் தொழிலுக்கு வந்தேன்" என்பார். ஒல்லியான ஆள். வெள்ளைத் தொப்பி. தன் சரக்கைத் தானே புகழ்ந்து அவர் வாயால் நான் கேட்டதில்லை. சாதாரண நாளில் என்னைத் "தம்பி" என்பார். கோபம் வந்தால் குரல் இறங்கும், தொப்பியைக் கழற்றி, ஒருமுறை ஊதி, மறுபடி மாட்டிக்கொண்டு, "சவடமுத்து ஐயா அவர்களே, செத்த இங்க வாறீகளா?" என்பார். அந்த மரியாதை வந்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன்.

பழகிய காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கை நீளத்துக்கு வரும் பார் சோப்பைக் கம்பி வைத்து அறுக்கக் கற்றேன். அறுத்ததை இடைவெளி விட்டு அடுக்கிக் காய வைக்கக் கற்றேன். ஈரச் சோப்பு எடையில் நிற்கும், துவைக்கும்போது கரைந்து ஓடிவிடும். சோப்பில் காரம் கூடிப்போயிற்றா என்று விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கக் கற்றேன். சுருக்கென்று கடித்தால் துணியையும் கடிக்கும், கையையும் கடிக்கும். வேலைக்குச் சேர்ந்த வருஷம் முழுக்க எனக்குச் சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. "வெஞ்சனம் எப்படி?" என்று வீட்டில் கேட்டால், "காரம் கொஞ்சம் காயணும்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் துணி வெளுக்க என்ன இருந்தது என்று இன்றைக்கு உள்ளவர்கள் கேட்கிறார்கள். கொஞ்சமாகவா இருந்தது? ஊருக்கு வெளியே அள்ளி வரும் உவர்மண் இருந்தது. சலவைச் சோடா இருந்தது. மஞ்சள் பார் சோப்பு, நீல வரி ஓடிய பார் சோப்பு, பட்டுக்கென்று அட்டைப் பெட்டியில் வரும் சோப்புச் சீவல் எல்லாம் இருந்தன. கம்பளிக்கும் சாயச் சேலைக்கும் பூந்திக்கொட்டை. கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சொட்டு நீலம்.

ஆள் வந்து "சவுக்காரம் குடுங்க" என்றால் மற்ற கடைகளில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ராவுத்தர் கொடுக்க மாட்டார். மூன்று கேள்வி கேட்பார். "எந்தத் தண்ணி? என்ன துணி? யாரு கை?"

யாருடைய கை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்காரருக்கு உரமான கை, சோடா தாங்கும். பிள்ளை பெற்று எழுந்தவருக்கோ தோல் உரிந்த கைக்கோ சோடாவைத் தொடக் கொடுக்க மாட்டார். "துணி கிழிஞ்சா வேற துணி வாங்கலாம். கைக்கு எங்க போறது?" என்பார்.

தண்ணீர்க் கேள்விக்கு அவரிடம் ஒரு சாட்சி இருந்தது. அத்தர் தீர்ந்துபோன சின்னக் கண்ணாடிப் புட்டி. வந்தவர் வீட்டுத் தண்ணீரை அதில் பாதி வரை ஊற்றச் சொல்வார். பேனாக்கத்தியால் சோப்பில் நகக்கண் அளவு சீவிப் போடுவார். கட்டைவிரலால் வாயை மூடி, தாலாட்டுவதுபோல ஆட்டிவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். கண்ணை எடுக்காமல் நுரையையே பார்ப்பார்.

சிறுமலை ஓடைத் தண்ணீர் என்றால் நுரை கழுத்து வரை ஏறி உட்கார்ந்துகொள்ளும். கட்டைவிரலை எடுத்தால் வெளியே எட்டிப் பார்க்கும். பக்கத்து ஆத்தூரிலிருந்து ஊருக்கு வரும் குழாய்த் தண்ணீர் என்றால் அழகாக ஒரு விரல்கடை நுரை நிற்கும். ஊருக்குள் இருக்கும் பல கிணறுகளின் தண்ணீரில் நுரை வந்த சுவடே தெரியாது. பால் திரிந்ததுபோலத் திப்பித் திப்பியாக மிதக்கும். "பாறைச் சுண்ணாம்பு தம்பி. நம்ம சவுக்காரத்த அது முழுங்கிருச்சு. அதோட வயிறு நெறைஞ்ச பெறகு மிச்சம் இருந்தாத்தான் அழுக்குக்கு" என்பார். தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு நடுவே வளர்ந்தவர். சுண்ணாம்பு எங்கே ஒளிந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

அறுபதுகள் பிறந்தபோது தூள் வந்தது.

பட்டணத்துக் கம்பெனி ஒன்று அட்டைப் பெட்டியில் நீலம் பூத்த ஒரு பொடியை அனுப்பியது. ராவுத்தர் பெட்டியைத் திறந்து, வழக்கம்போலப் புட்டியில் கொஞ்சம் போட்டு, வேண்டுமென்றே ஊரிலேயே மோசமான கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஆட்டினார். நுரை குபுகுபுவென்று வந்தது! திப்பி ஒன்றும் இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, சுண்ணாம்புக்குப் பயப்படாத ஒருத்தன் வந்துட்டான்" என்றார்.

அந்தத் தூளைத் தெருத்தெருவாகக் காட்டுகிற வேலை எனக்கு வந்தது. தோளில் ஒரு பை, கையில் ஒரு வாளி. ராவுத்தர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. வாளி நம்முடையது, தண்ணீரும் துணியும் அந்த வீட்டுடையதாக இருக்க வேண்டும். நல்ல தண்ணீரைக் கையோடு கொண்டுபோய் நுரை காட்டுகிறவன் வித்தை காட்டும் மோடி மஸ்தான், வியாபாரி இல்லை என்பார்.

அந்த வருஷங்களில் நான் கேட்ட பேச்சை எழுதினால் மலரில் வேறு யாருக்கும் இடம் இருக்காது. ஒரு வீட்டில் தூளை வாயில் போட்டுப் பார்த்து, "இது உப்புமில்ல சீனியுமில்ல, எதுக்குய்யா இத பெட்டியில போட்டு விக்கிறாக?" என்றார் ஒரு பெரியவர். ஆத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயி, "ஏப்பு, எருமைக்குத் தேய்க்கலாமா?" என்று கேட்டார். கூடாது என்றேன். "அப்ப எங்க வீட்டுலயே அழுக்கானது எதுன்னு ஒனக்குத் தெரியல" என்று போய்விட்டார். இன்னொருவர் இலவச மாதிரிப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போயிருக்கிறார். வழியில் மழை. பை நுரைத்து, நெஞ்சு நுரைத்து, வேட்டி வரை வழிய, அவர் ஓட ஓட நுரையும் கூடவே ஓடி வந்திருக்கிறது. மறுநாள் கடைக்கு வந்து, "சட்டை வெளுத்துருச்சு, மானந்தான் போச்சு" என்று சொல்லிவிட்டு ஒரு பெட்டி வாங்கிப் போனார்.

தூளுக்கு ஒரு குறையும் இருந்தது. விலை கூட. அதோடு, நுரை லேசில் போகாது. குடத்தில் தண்ணீர் எடுத்து நடப்பவர்களுக்கு அலசுவது பெரும்பாடு. ஒரு பெண் வாளி வாளியாக ஊற்றிப் பார்த்துவிட்டு, பக்கத்து அறையைக் கண்ணால் காட்டி, "அண்ணே, இது எங்க மாமியா பேச்சு மாதிரி. நம்மளா எந்திரிச்சுப் போனாத்தான் உண்டு, அதுவா நிக்காது" என்று மெல்லச் சொன்னார். அந்த வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர்தான் வந்தது. பார் சோப்பே போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். விற்காமல் வந்ததற்கு ராவுத்தர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்படி இருக்கும்போதுதான் பேண்டு மாஸ்டர் அந்தோணி ஒருநாள் கடைக்குள் பாய்ந்து வந்தார்.

மாஸ்டரைத் தெரியாதவர்கள் அப்போது ஊரில் குறைவு. கிளாரினெட் வாசிப்பவர், தலைவர். அவரைச் சேர்த்துப் பன்னிரண்டு பேர். கல்யாணம், மாதா கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அவர் பேண்டுதான். வெள்ளைக் கோட்டு, வெள்ளை முழுக்கால் சட்டை, தோளில் சிவப்புக் குஞ்சலம். பன்னிரண்டு உடுப்பையும் வெளுப்பது மாஸ்டர் வீட்டில்தான். அந்தக் கோட்டு ஒன்றைத்தான் மேசைமேல் வீசினார். விழுந்த இடத்தில் அது அப்பளம்போல நின்றது. அடுப்படித் துணியின் சாம்பல் நிறம். அதன்மேல் பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில் கடல் இருப்பதுபோல இங்கொன்றும் அங்கொன்றுமாக நீலம்.

"பாருங்க ராவுத்தரய்யா, ஒங்க சவுக்காரத்துல தொவைச்ச லட்சணத்த."

ராவுத்தர் துணியை விரலால் கசக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார். "சவுக்காரம் கொறைச்சலா போட்டீகளோ மாஸ்டர்?"

"கொறைச்சலா? கட்டி கட்டியா கரைக்கிறா எங்க வீட்டுல. வெளுக்கலன்னு இன்னுங் கொஞ்சம், அதுக்கும் வெளுக்கலன்னு நீலம், அதுக்கு மேல இன்னுங் கொஞ்சம் நீலம். இப்ப நாங்க வாசிச்சுக்கிட்டுத் தெருவுல போனா மப்பு வானம் நடந்து போறாப்புல இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராவுத்தர் சிரிக்கவில்லை. "வீட்டுல தாயி சொகமா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். மாஸ்டரின் முகம் தொங்கிப்போயிற்று. மனைவி ஆரோக்கியம் ஆத்தூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டார்.

நடந்தது இதுதான். ஒட்டன்சத்திரத்து மண்டிக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பேண்டு பேச வந்திருக்கிறார். வாசிப்பைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க மாஸ்டர், வாசிப்பு நல்லாத்தானுங்க இருக்குது. உடுப்புத்தானுங்க சேத்துல எறங்குன கொக்காட்டம் இருக்குது. ஞாயித்துக்கெழம கோயில் பவனிக்கு வாரனுங்க. அன்னைக்குப் பாத்துட்டு வெத்தலபாக்கு மாத்திக்கலாமுங்க" என்று சொல்லிப் போய்விட்டார். அவமானம் தாங்காத மாஸ்டர், பன்னிரண்டு பேரும் கூடியிருந்த இடத்தில் மனைவியைப் பார்த்து, "ஒன் கைக்கு வெளுப்பு வராது, விட்டுரு" என்று சொல்லிவிட்டார். ஆரோக்கியம் எதிர்த்துப் பேசவில்லை. துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "கைதான சரியில்ல? கையோட போறேன். பன்னெண்டு பேரு முன்னால சொன்னீங்க. அதே பன்னெண்டு பேரு முன்னால, குத்தம் அவ கையில இல்லேன்னு சொல்லுங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

ராவுத்தர் கேட்டார்: "எந்தத் தண்ணி?"

அந்தக் கவலையிலும் மாஸ்டரின் நெஞ்சு நிமிர்ந்தது. "நம்ம கெணறுய்யா! புது வீட்டுக் கெணறு. குடிச்சா கல்கண்டு." வாடகை வீட்டில் இருந்தவரை தெருக்குழாய்தான். பல வருஷம் ஊதிச் சேர்த்ததில் ஊருக்கு மேற்கே வீடு கட்டி, பாறையை உடைத்துக் கிணறு வெட்டியிருந்தார். வருகிறவர்களுக்கு எல்லாம் காப்பி உண்டோ இல்லையோ, ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீர் உண்டு.

ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையைக் குற்றம் சொன்னாலும் பொறுப்பார் மாஸ்டர். இந்தக் கிணற்றைச் சொன்னால்?

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனோம். வழியில் தெருக்குழாயில் ஒரு செம்பு பிடித்துக்கொண்டோம். கிணற்றடியில் ராவுத்தர் புட்டியை எடுத்து, குழாய்த் தண்ணீரில் சோப்பைச் சீவிப் போட்டு ஆட்டினார். நுரை நின்றது. கழுவிவிட்டு, கிணற்றுத் தண்ணீரில் ஆட்டினார். திப்பித் திப்பியாக மிதந்தது.

"புட்டியில ஏதோ இருக்கு" என்றார் மாஸ்டர்.

"ஒங்க புட்டியக் குடுங்க."

மாஸ்டர் உள்ளே போய் மருந்துப் புட்டி ஒன்றைக் கழுவிக் கொண்டு வந்தார். அதிலும் அதே கதை. "சவுக்காரத்துல ஏதோ இருக்கு" என்றார். வேறு சோப்பைச் சீவினோம். அதே திப்பி. பிறகு மாஸ்டர் தானே வாங்கி ஆட்டிப் பார்த்தார். ஆட்டிக்கொண்டே இருந்தார். கிளாரினெட்டில் வராத சுரத்தை வரவழைக்கப் பார்க்கிறவர்போல இருந்தது.

"குடிக்கிறதுக்குக் கல்கண்டுதான் மாஸ்டர், அதுல மாத்தமில்ல" என்றார் ராவுத்தர் மெதுவாக. "சவுக்காரத்துக்குத்தான் ஆகாது. பாறைச் சுண்ணாம்பும் சவுக்காரமும் சேந்து இந்தப் பிசுக்கு வருது. அது துணியில ஒட்டிக்குது. சவுக்காரம் கூடக் கூட பிசுக்கும் கூடுது. மேல விட்ட நீலம் அந்தப் பிசுக்கப் பிடிச்சுக்கிட்டு நிக்கிது. தாயி கை என்ன செய்யும்?"

மாஸ்டர் கிணற்றுச் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில், "அப்ப நீங்களே போயி அவகிட்ட இத சொல்லிருங்க" என்றார்.

"உடுப்ப நாங்க பாத்துக்கிடுறோம். சொல்ல வேண்டியத நீங்கதான் சொல்லணும்."

மறுநாள் ஆத்தூர் பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். என் மடியில் உடுப்பு மூட்டை, ராவுத்தர் காலடியில் ஒரு கூடை சிறுமலை எலுமிச்சை, பையில் தூள். மாஸ்டர் இறங்கியதும், "நீங்க போங்க, எனக்கு டீ குடிக்கணும்" என்று டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வரை அவர் டீதான் குடித்தார்.

ஆரோக்கியம் வாய்க்கால் படித்துறையில் இருந்தார். எங்களைக் கண்டதும், "சவடமுத்தண்ணே, இங்க வந்து பாருங்க!" என்று ஒரு கோட்டைத் தூக்கிக் காட்டினார். கோபத்தில் மூட்டை கட்டியபோது மாஸ்டருடைய கோட்டும் அதற்குள் வந்துவிட்டிருக்கிறது. "வந்த அன்னையிலருந்து அலசுறேன். அதே சவுக்காரம், அதே கை. இங்க நுரை வருது. பாதி வெளுத்துருச்சு. அப்ப என் கையா குத்தம், அவுக கெணறா குத்தம்?"

ராவுத்தர் புட்டியைச் சட்டைப்பையில் இருந்து எடுத்தவர், மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். "புட்டிக்கு இங்க வேல இல்ல தம்பி" என்றார்.

ஆரோக்கியத்துக்கு நீலம் மட்டும்தான் போகவில்லை. அதற்குத்தான் எலுமிச்சை. உடனே முக்கப் போனேன். "பொறுங்கண்ணே, குஞ்சலம் சாயம் எறங்கும்" என்று தடுத்து, பன்னிரண்டு கோட்டிலிருந்தும் சிவப்புக் குஞ்சலங்களைப் பிரித்தெடுத்தார். பிறகு எலுமிச்சையைப் பிழிந்த தண்ணீரில் உடுப்பை ஊறப் போட்டோம். அழுகிய முட்டைபோல லேசான ஒரு நாற்றம் எழுந்தது. "நீலம் சாகுற வாசம்" என்றார் ராவுத்தர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேசப்படத்தில் கடல்கள் வற்றின. நன்றாக அலசிவிட்டு, அண்டாவில் வாய்க்கால் தண்ணீரைக் காய்ச்சி, தூளைக் கரைத்து, அதில் ஊறவைத்து, கசக்கி, மறுபடி வாய்க்காலில் விட்டு அலசினோம். தண்ணீர் முதலில் கஞ்சிபோலக் கலங்கியது, பிறகு சாம்பலாகப் போயிற்று, கடைசியில் தெளிந்தது. மாதக்கணக்கில் பூசிய பிசுக்கு வாய்க்காலோடு போயிற்று.

புல்லில் பன்னிரண்டு கோட்டையும், அந்தந்தக் கோட்டின் கீழ் முழுக்கால் சட்டையையும் விரித்துப் போட்டார் ஆரோக்கியம். வெயிலில் கண் கூசியது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண், "ஏ ஆரோக்கியம், ஒன் வீட்டுக்காரு ஒருத்தர வரச்சொன்னா பன்னெண்டு பேரா வந்து படுத்துக் கெடக்காக பாரு!" என்றார். படித்துறையே குலுங்கியது.

காய்ந்ததும் மூட்டை கட்டப் போனேன். ஆரோக்கியம் கையை வைத்து மறித்தார். "இது இங்கயே இருக்கட்டும்ணே. குஞ்சலம் தைக்கணும். வேணும்னா ஞாயித்துக்கெழம பன்னெண்டு பேரும் வந்து வாங்கிக்கிடட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் வந்தார்கள். பவனிக்கு நேரே போக வேண்டும் என்று வாத்தியங்களோடு வந்தார்கள். பஸ்ஸுக்குள் பெரிய டிரம்மை ஏற்றுவதற்குப் பட்ட பாடு தனிக்கதை. ராவுத்தரும் நானும் முன்பே போயிருந்தோம். வாசலில் கொடியில் பன்னிரண்டு உடுப்பும் தொங்கின. ஆரோக்கியம் கதவில் சாய்ந்து நின்றார்.

மாஸ்டர் முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார். முகம் சிவந்தது. சட்டென்று கிளாரினெட்டை எடுத்து உதட்டில் வைத்தார்.

"வாயால சொல்லுங்க. பீப்பியால வேணாம்" என்றார் ஆரோக்கியம்.

கிளாரினெட் இறங்கியது. "குத்தம்... அவ கையில இல்ல."

"பின்னாடி கேக்கல மாஸ்டர்" என்றார் பெரிய டிரம் அடிப்பவர். வருஷம் முழுக்க மாஸ்டரிடம் திட்டு வாங்கியவர். இப்படி ஒரு நாளை விடுவாரா?

"குத்தம் அவ கையில இல்ல!" என்று மாஸ்டர் தெருவுக்கே கேட்கச் சொன்னார். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவராகவே, அடங்கிய குரலில், "கெணத்துல" என்று சேர்த்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பாறை உடைத்த கதை எல்லோருக்கும் தெரியும்.

ராவுத்தர் பையைத் திறந்து பார் சோப்பு ஒன்றையும் தூள் பெட்டி ஒன்றையும் ஆரோக்கியத்தின் முன்னால் வைத்தார். "தாயி, இனிமேப்பட்டு வழி ரெண்டு. சவுக்காரம்னா பழையபடி தெருக்கொழாய்க்குக் குடம் தூக்கணும். வெல கம்மி. கெணத்துத் தண்ணின்னா தூளுதான். வெல கூட, ஆனா நுரை போக அலசுறதுக்கு ஒங்க கெணத்துல தண்ணிக்குப் பஞ்சமில்ல. கை ஒங்களோடது. நீங்க சொல்லுங்க."

ஆரோக்கியம் கணவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தீர்ப்புக்கு நிற்பவர்போல.

"தூளே குடுங்க ராவுத்தரய்யா" என்றார். "தண்ணி ஊறுன அன்னைக்கு இவுக கிளாரினெட்ட எடுத்துக் கெணத்துக்குள்ள குனிஞ்சு வாசிச்சாக. உள்ள இருந்து அது திருப்பி வாசிச்சுச்சு. அந்தக் கெணத்த வேணாம்னு ஒதுக்க எனக்கு மனசு வரல."

மாஸ்டர் அவசரமாக ஒரு கோட்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பித்தான் சரிபார்த்தார். வெகுநேரம் சரிபார்த்தார்.

ஆரோக்கியம் பார் சோப்பின் பக்கம் கையை நீட்டி, "இதுலயும் ஒண்ணு" என்றார்.

"அது எதுக்குத் தாயி?"

"எங்கம்மா வீட்டுத் தண்ணிக்கு இதுதான சரி? மறுபடி யாராச்சும் என் கையப் பத்திப் பேசுனா, எடுத்துக்கிட்டுக் கெளம்ப வசதியா இருக்கும்."

அன்றைய பவனியை நான் மறக்க மாட்டேன். வெள்ளை வெளேரென்று பன்னிரண்டு பேர், தோளில் சிவப்புக் குஞ்சலம் ஆட ஆட வந்தார்கள். ஒட்டன்சத்திரத்து மண்டிக்காரர் ஓரத்தில் நின்றவர் கிட்டவே வந்து, "ஏனுங்க மாஸ்டர், உடுப்பு புதுசா தச்சீங்களா?" என்றார். மாஸ்டர் கூட்டத்தில் ஆரோக்கியத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, "பழசுதானுங்க. எங்க வீட்டுக் கை அப்படி" என்றார். அங்கேயே வெற்றிலை பாக்கு மாறியது.

பிறகு நான் வேலையில் இருந்த காலம் முழுக்க அந்த வீட்டுக்குத் தூள் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். போகும்போதெல்லாம் மாஸ்டர் கிணற்றில் இறைத்து ஒரு செம்பு நீட்டுவார். கல்கண்டுதான். குடித்துக்கொண்டே அடுப்படிச் சன்னலைப் பார்ப்பேன். அந்த பார் சோப்பு அங்கேயே இருக்கும். நாளாக ஆக அது சுருங்கி, வெடித்து, கோடைக் கண்மாய்போல ஆகிவிட்டது.

"என்னம்மா, மாஸ்டர் இப்பல்லாம் சத்தமே போடுறதில்லையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போடாம என்ன, பேண்டு மாஸ்டர்ல?" என்றார் ஆரோக்கியம். "நான் செத்த நேரம் சன்னல் பக்கம் பாப்பேன். தானா சுருதி எறங்கிரும்."